பயமுறுத்தி வென்றவரைத் துரத்தியது யார்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: மக்களைப் பயமுறுத்தியே ஆட்சிக்கு வரும் தலைவர்கள் கடைசியில் அதே பயத்தில் ஓடுகிறார்கள், 2022இல் இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவுக்கு நடந்ததும் அதுதானே, ஆட்களைக் கடத்திக் காணாமல் ஆக்கிய வெள்ளை வானுக்குக் கிடைத்த தண்டனை என்று அதை எடுத்துக்கொள்ளலாமா? வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பதை அரசியலில் நம்பலாமா என்பதுதான் உங்கள் அடிக்கேள்வி என்று புரிந்துகொள்கிறேன். நான் கொழும்பில் தமிழ்ப் பத்திரிகைகளில் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் செய்தியாளனாக வேலை பார்த்தவன். அவர் ஓடியது உண்மை, பயந்து ஓடியதும் உண்மை. ஆனால் அவரிடம் பயந்து வாழ்ந்தவர்கள் அவரைத் துரத்தவில்லை. யாருக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சொல்லி வாக்கு வாங்கினாரோ அவர்களே துரத்தினார்கள். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் அப்புறம் நடந்த எதுவும் புரியாது.

முதலில், அங்கே இருந்தது ஒரு பயம் இல்லை, இரண்டு. 2005 முதல் 2015 வரை, அண்ணன் மகிந்த ஜனாதிபதியாக இருந்த காலம் முழுக்க, கோட்டாபய பாதுகாப்புச் செயலாளர். அந்தக் காலத்தில் தமிழர்களுக்கும், சிங்களம், தமிழ் என்ற பேதம் இல்லாமல் பத்திரிகைக்காரர்களுக்கும் இருந்தது நேரடியான உயிர்ப்பயம். இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான் ஒன்று தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். தொலைபேசியில் பெயர்கள் சொல்ல மாட்டோம், "அந்த ஆள்", "மேலே உள்ளவர்" என்றுதான் பேசுவோம். இரண்டாவது பயம் சிங்கள மக்களுக்குள் ஊட்டப்பட்டது. முதலில் புலிகளைப் பற்றி, 2009 மேயில் போர் முடிந்து அது தீர்ந்ததும் முஸ்லிம்களைப் பற்றி. முதல் பயம் அதிகாரத்தைக் காப்பாற்றிக்கொள்ள, இரண்டாவது பயம் வாக்கு வாங்க. வாக்குப் பெட்டியில் வேலை செய்தது இரண்டாவதுதான்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கோட்டாபய தான் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் குருநாகல் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு முஸ்லிம் மருத்துவர், ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு சிங்கள நாளிதழில் தலைப்புச் செய்தி. கைது செய்தார்கள், விசாரித்தார்கள், ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, ஜூலையில் பிணையில் விட்டார்கள். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் படித்த, நல்லவர்களான சிங்களச் சக செய்தியாளர்கள்கூட "நெருப்பில்லாமல் புகையுமா" என்று என்னிடம் கேட்டார்கள். நவம்பர் தேர்தலில் கோட்டாபயவுக்கு 52.25 சதவீதம், 69 லட்சம் வாக்குகளுக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்தது 6 சதவீதம் சொச்சம். பதவியேற்றது அநுராதபுரத்தில், தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டியதாகச் சொல்லப்படும் ருவன்வெலிசாய தூபியின் முன்னால். சிங்களப் பெரும்பான்மையின் வாக்காலேயே வெல்ல முடியும் என்று தெரிந்திருந்ததாக அந்த மேடையிலேயே சொன்னார். மறைத்துப் பேசினார் என்று அவர்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்து கொவிட். இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்று சொல்லி, உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொன்ன பிறகும், முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தார்கள். 2020 டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையை எரித்த பிறகு பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் ஆட்கள் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கட்டியவர்களில் சிங்களவர்களும் இருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். இரவோடிரவாக யாரோ அவிழ்த்துவிடுவார்கள், மறுநாள் திரும்பக் கட்டுவார்கள். 2021 பெப்ரவரி கடைசியில், பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன கையோடு, அடக்கம் செய்ய அனுமதி வந்தது. நிலத்தடி நீர் அதற்குள் எப்படிச் சுத்தமானது என்று யாரும் கேட்கவில்லை.

சரி, இந்த ஆள் எப்படி விழுந்தார்? இனவாதத்துக்கு எதிராக யாரும் எழுந்ததால் இல்லை. 2019 டிசம்பரில் வற் எனும் மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள், அரசின் வருமானம் சரிந்தது. கொவிட்டோடு சுற்றுலாவும் போனது. 2021 மேயில் இரசாயன உரம் இறக்குமதி செய்வதை ஒரே அடியாக நிறுத்தினார்கள், அவருக்கு வாக்குப் போட்ட அதே பொலன்னறுவை, அநுராதபுர விவசாயிகள் வயலில் விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடையை எடுத்தபோது அந்தப் போகத்துக்கு நேரம் கடந்துவிட்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு, ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு.

அந்த மாதங்களின் கொழும்பு எப்படி இருந்தது என்று ஒன்று சொல்கிறேன். காஸ் கடை வாசலில் வெற்று சிலிண்டர்களை வரிசையாக வைத்துச் சங்கிலியால் கோத்துப் பூட்டியிருப்பார்கள், ஒவ்வொன்றிலும் பெயின்டில் பெயர் எழுதியிருக்கும், ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், சிலிண்டர் வரிசையில் நிற்கும். பெற்றோல் வரிசையில் அப்படி முடியாது, ஆட்டோக்காரர்கள் வண்டியிலேயே படுத்தார்கள், வெயிலில் நின்று சிலர் செத்தும் போனார்கள். வரிசையில் எல்லாரும் இருந்தார்கள், சிங்களவர், தமிழர், முஸ்லிம். நாள்கணக்கில் பக்கத்தில் நிற்கிறவனிடம் எத்தனை நேரத்துக்குப் பயப்பட முடியும்? திருடன் வருகிறான் என்று சொல்லியே சம்பளம் வாங்கும் காவல்காரனை, வீட்டில் சோறு இருக்கும்வரைதான் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதோடு இன்னொன்று: 2020 அக்டோபரில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்தால் அதிகாரம் எல்லாவற்றையும் ஜனாதிபதி கைக்குக் கொண்டுவந்திருந்தார், கொவிட் ஒழிப்புக்கே இராணுவத் தளபதியைத்தான் போட்டிருந்தார். எல்லாம் என்னால் என்று சொன்னவர்மேல்தான் எல்லாப் பழியும் விழும். அதனால் கோஷமும் சுலபமாகிவிட்டது, "கோட்டா கோ ஹோம்".

மார்ச் 31 இரவு மிரிஹானையில் அவருடைய சொந்த வீட்டுக்குப் போகும் பங்கிரிவத்தை வீதியில் கூட்டம் கூடியது. அவருக்கே வாக்குப் போட்ட நடுத்தர வர்க்கத்துச் சிங்களவர்கள் வாழும் புறநகர் அது. அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, சமூக வலைத்தள முடக்கம் என்று அரசு தன் பழைய மருந்துகளை எல்லாம் எடுத்தது. இதே மருந்து எங்கள் பக்கத்தில் வருடக்கணக்கில் வேலை செய்திருக்கிறது. அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஏன் என்பதற்கு என் கணிப்பு, கணிப்புதான், இது: சிப்பாய்களின் வீட்டாரும் அதே வரிசையில்தான் நின்றார்கள். வன்னியில் சுட்டவர்களுக்கு எதிரே நின்றது அந்நியர்கள் என்று சொல்லப்பட்டிருந்தது, போராட்டக்காரர்கள் கூடாரம் போட்டிருந்த கொழும்புக் காலிமுகத்திடலில் எதிரே நின்றது சித்தப்பா மகன். மேலிடம் சுடச் சொல்லி அவர்கள் மறுத்தார்களா, மேலிடமே தயங்கியதா என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. நான் எந்தக் கதைக்கும் உத்தரவாதம் தர மாட்டேன்.

தலைவர்களுக்கு உண்மையான பயம் வந்தது மே 9ஆம் தேதி என்று நான் வைக்கிறேன். அன்று காலை பிரதமரின் இல்லமான அலரி மாளிகையில் கூடிய, அப்போது பிரதமராக இருந்த மகிந்தவின் ஆதரவாளர்கள் வெளியே வந்து போராட்டக்காரர்களை அடித்துக் கூடாரங்களைக் கொளுத்தினார்கள். பகலிலேயே மகிந்த பிரதமர் பதவியை விட்டார். அன்றிரவு நாடு முழுக்க ஆளுங்கட்சி எம்.பி.க்களின் வீடுகள் எரிந்தன, நிட்டம்புவவில் ஓர் எம்.பி. கொல்லப்பட்டார். அந்த வீடுகளைத் தேடித்தேடி எரித்ததில் ஏதோ ஒழுங்கு இருந்தது என்பவர்கள் உண்டு, தன்னெழுச்சி என்பவர்களும் உண்டு. எது சரியானாலும் அதைக் கொண்டாட என்னால் முடியவில்லை. 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலை வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடி எரித்ததைக் கேட்டு வளர்ந்தவனுக்கு வீடு எரிவதில் நியாயமான எரிப்பு என்று ஒன்று இல்லை.

மறுநாள் அதிகாலை மகிந்தவையும் குடும்பத்தையும் ஹெலிகொப்டரில் ஏற்றிக்கொண்டு போய் வைத்தது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில். கொழும்பில் இருந்த தமிழ்ச் செய்தியாளர்கள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருப்பார்கள். அதே நகரத்தின் கடற்கரையில்தான் 2006 ஜனவரி 2ஆம் தேதி ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மகிந்த ஜனாதிபதியாகி இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். குற்றம் சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப்படையினர் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். சிங்களத் தெற்கில் பாதுகாப்பான இடம் கிடைக்காமல், தமிழ் பேசும் கிழக்கில் ஓர் இராணுவ வேலிக்குள் ஒளிய வேண்டியிருந்தது. இதில் நீங்கள் சொல்லும் தண்டனையைப் பார்க்கலாம்தான். ஆனால் அந்த வேலி அங்கே யாரிடமிருந்து யாரைக் காக்கப் போட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் போனது, நீச்சல் குளத்தில் குதித்தது எல்லாம் நீங்கள் பார்த்த காட்சிகள், அதைத் தாண்டிப் போகிறேன். (உள்ளே கிடைத்த 1 கோடியே 78 லட்சம் ரூபாயை எண்ணிப் பொலிஸில் ஒப்படைத்தவர்களும் அதே கூட்டத்தில் இருந்தார்கள்.) எனக்கு அதைவிடப் பெரிய காட்சி கட்டுநாயக்க விமான நிலையத்தில் நடந்தது. ஜூலை 12 அதிகாலை தம்பி பசில் வெளியேறப் பார்த்தார், குடிவரவு அதிகாரிகள் விஐபி முனையத்தில் வேலை செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், பயணிகளும் கூச்சல் போட, அவர் திரும்ப வேண்டியிருந்தது. கோட்டாபயவுக்கும் அதே கதை. கடவுச்சீட்டில் முத்திரை குத்த அதிகாரிகள் விஐபி அறைக்கு வர மறுத்தார்கள், பொதுமக்கள் நிற்கும் வரிசையில் நிற்க அவருக்குப் பயம் என்று அப்போது செய்திகள் வந்தன. கடைசியில் 13ஆம் தேதி அதிகாலை, மனைவியோடும் இரண்டு மெய்ப்பாதுகாவலர்களோடும் விமானப்படையின் அன்டனோவ் விமானத்தில் மாலைதீவு போனார், அங்கிருந்து சிங்கப்பூர் போய் மின்னஞ்சலில் இராஜினாமாக் கடிதம் அனுப்பினார். ஒரு மாதம் முந்தி அதே அதிகாரிகள் எழுந்து நின்று வணங்கியிருப்பார்கள். முத்திரை குத்துகிற ஆளுக்குப் பயம் போனதும் முப்படைத் தளபதி என்கிற பட்டத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த விமான நிலையத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1990 செப்டம்பரில் அதே கட்டுநாயக்கவில் ஓர் எதிர்க்கட்சி எம்.பி.யைப் பொலிஸார் மறித்து, ஜெனீவாவுக்கு அவர் எடுத்துப் போன ஆவணங்களைப் பறித்தார்கள். ஆயுதக் கிளர்ச்சி செய்த சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யை அடக்குகிறோம் என்ற பெயரில் தெற்கில் காணாமல் ஆக்கப்பட்ட சிங்கள இளைஞர்களின் விவரங்களும் படங்களும் அதில் இருந்தன. அந்த எம்.பி. மகிந்த ராஜபக்ச. பயத்துக்கு ஆளானவர்களின் படங்களைச் சுமந்தவர் பதவிக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பயத்தை அனுபவித்தவன் திருந்திவிடுவான் என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

இந்த நேரத்தில் வடக்கு என்ன செய்தது? பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் சின்னச் சின்னப் போராட்டங்கள் நடந்தன, கொழும்பில் தமிழ் இளைஞர்கள் காலிமுகத்திடலுக்குப் போனார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டு நண்பர்கள் பலர் இதை என்னிடம் ஆச்சரியமாகக் கேட்டிருக்கிறார்கள். 90களில் பொருளாதாரத் தடையில் வாழ்ந்த சனத்துக்குப் பெற்றோல் இல்லை என்பது செய்தியே இல்லை. கார்பரேட்டரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அதைவிட முக்கியமாக, கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டம் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. அவர்களிடம்தான் 2020 ஜனவரியில் கோட்டாபயவின் பதில் போய்ச் சேர்ந்திருந்தது: காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் தரலாம். காலிமுகத்திடல் கேட்டது எரிவாயு, மின்சாரம், களவாடிய பணம். எங்கள் பிள்ளை எங்கே என்ற கேள்வி அந்தப் பட்டியலில் தலைப்பாக இல்லை. மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து, போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்த கஞ்சியின் நினைவாகக் கஞ்சி பகிர்ந்தார்கள், அது முன்னெப்போதும் நடக்காத விஷயம், நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் கஞ்சியிலிருந்து ஒரு இனமே மனம் மாறியது என்று எழுதியவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

சட்டத்தின் கணக்கையும் பாருங்கள். அவர் சிங்கப்பூரில் இருந்தபோது போர்க்கால நடவடிக்கைகளுக்காக அவரைக் கைது செய்யும்படி ஒரு மனித உரிமை அமைப்பு அங்குள்ள சட்டமா அதிபரிடம் முறைப்பாடு கொடுத்தது, ஒன்றும் நடக்கவில்லை. தாய்லாந்து போய், செப்டம்பர் 2ஆம் தேதி பாதுகாப்போடு ஊர் திரும்பினார். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது, அதுவும் பொருளாதாரத்துக்காக. வெள்ளை வானுக்காக அவர்மேல் எந்தத் தீர்ப்பும் வரவில்லை.

ஆகவே உங்கள் பொதுக் கேள்விக்கு, பயம் தானாகத் திரும்பி வரும் என்று ஒரு விதி இருப்பதாக நான் நினைக்கவில்லை. எங்கள் நாட்டிலேயே முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன இருக்கிறார். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர், 1983 ஜூலை அவர் கண்முன்னே நடந்தது, 1996இல் 90 வயதில் நிம்மதியாகச் செத்தார். நம் பக்கத்தையும் விடக்கூடாது: 1990 அக்டோபரில் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை, யாழ்ப்பாணத்தில் சில மணி நேரமே அவகாசம் கொடுத்து, வெளியேற்றினார்கள். புலிகள் அழிந்தது அதற்கான தண்டனையாகவும் இல்லை, அந்த முஸ்லிம்களுக்கு அதனால் வீடு திரும்பக் கிடைத்துவிடவும் இல்லை. என் அனுபவத்தில் பயத்தை வைத்து ஆள்பவர் விழுவதற்கு இரண்டு விஷயம் சேர வேண்டும்: பாதுகாக்கிறேன் என்று அவர் சொன்ன சொந்த ஆட்களின் வயிற்றில் அடி விழ வேண்டும், அவருக்கு வேலை செய்யும் கீழ்நிலை ஆட்கள் பக்கத்து ஆளும் மறுப்பான் என்று நம்ப வேண்டும். மற்ற நாடுகளுக்கு இது பொருந்துமா என்று அந்த நாடுகளை அறிந்தவர்களிடம் கேளுங்கள், நான் என் ஊரை வைத்துத்தான் பேச முடியும்.

விழுந்த பிறகு அந்தத் தலைவர்களுக்கு என்ன புரிந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். 2024 மார்ச்சில் கோட்டாபய ஒரு புத்தகம் வெளியிட்டார், தன்னை இறக்கியது வெளிநாட்டுச் சதி என்பதுதான் அதன் சாரம். பயத்தை விற்றவர் தன் தோல்வியையும் அதே சரக்கை வைத்தே விளக்குகிறார். வாக்காளர்கள் அதை வாங்கவில்லை. 2020இல் 145 இடம் பிடித்த, ராஜபக்சக்களின் கட்சியான பொதுஜன பெரமுன 2024 நவம்பரில் 3 இடத்துக்கு வந்தது. அந்தக் குருநாகல் மருத்துவரை 2022இல் திரும்ப வேலையில் சேர்த்து நிலுவைச் சம்பளம் கொடுத்தார்கள். அவர் அந்தப் பணத்தை, மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்துக்கொண்டிருந்த மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார். 2019இல் அவரைப் பற்றி என்னிடம் புகை, நெருப்பு என்று பேசியவர்களில் ஒருவர் இந்தச் செய்தியைத் தானாகவே எனக்கு அனுப்பினார், கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஆனால் கருவிகள் அப்படியே இருக்கின்றன. கோட்டாபயவுக்குப் பிறகு ஜனாதிபதியான ரணில் விக்ரமசிங்க பதவியேற்ற மறுநாள், 2022 ஜூலை 22 அதிகாலை, இராணுவம் காலிமுகத்திடலுக்குள் புகுந்து அடித்தது. ஆகஸ்டில் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் சிங்களத் தலைவரையே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போட்டு மாதக்கணக்கில் வைத்தார்கள். எங்களுக்கென்று செய்த சட்டம் தங்கள் பிள்ளைகள்மேல் பாய்ந்ததைப் பார்த்த பிறகு, அதை நீக்க வேண்டும் என்று சிங்களவர்கள் எங்களோடு சேர்ந்து கையெழுத்து வாங்கினார்கள். 2024இல் வந்த அநுர குமார திசாநாயக்கவின் அரசு அதை நீக்குவதாக வாக்குக் கொடுத்தே வந்தது. அவருடைய ஜே.வி.பி. தோழர்கள் ஆயிரக்கணக்கில் அடக்குமுறையில் செத்தவர்கள், அந்தச் சட்டம் எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் கொழும்பில் ஒரு கடைத்தொகுதியில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதாக 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவரைப் பிடித்தார்கள். தடுத்து வைத்தது அதே சட்டத்தில்தான், உத்தரவில் கையெழுத்துப் போட்டது புதிய ஜனாதிபதி.